கருமேனி என்னும் காப்பு

கருமை வெப்பத்தை உறிஞ்சும், வெண்மை திருப்பியனுப்பும் என்பது பள்ளிப் பிள்ளைகளும் அறிந்த செய்தி. அவ்வாறாயின் வெயில் மிகுந்த நாடுகளில் வாழ்வோர்க்கு வெண்மேனியன்றோ வாய்த்திருக்க வேண்டும்? இவ்வினாவைத் தம் கைகளைக் கொண்டே சோதித்தவர் எவரார்டு ஹோம் என்னும் ஆங்கில அறுவை மருத்துவர்.

ஹோம் நற்பெயர் எடுத்தவர் அல்லர். தம் ஆசானும் அக்காள் கணவருமான ஜான் ஹன்டரின் கையெழுத்துப் படிகளை 1823இல் தீயிலிட்டவர். அவற்றிலிருந்து களவாடியதை மறைக்கவே எரித்தார் என்ற பழி இன்றளவும் நீங்கவில்லை. ஆயினும் 1821இல் இலண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் அவர் வெளியிட்ட சோதனை நம்மை வியக்க வைக்கிறது. இரு புறங்கைகளையும் வெயிலில் நீட்டினார். ஒன்றின்மேல் கறுப்புத் துணி, மற்றது வெறுங்கை. வெப்பமானி துணிக்கு அடியில்தான் மிகுந்த சூட்டைக் காட்டியது. கொப்புளித்ததோ வெறுங்கை!

கறுப்பினத்தவர் தோலிலுள்ள கரிய படலம் வெயிலுக்கு எதிரான காப்பு என்று அவர் முடிவு கட்டினார். பிரித்தானியக் குடியேற்றங்களில் அடிமை முறை சட்டப்படி நிலவிய காலம் அது. அதனை ஒழிக்கும் சட்டம் 1833இல்தான் வந்தது. இழிவின் அடையாளமாகக் காட்டப்பட்ட நிறத்தை உடலின் கவசமென ஓர் அறிவியல் இதழ் அச்சிட்டதை நாம் சிறிதாக எண்ணுவதற்கில்லை. அதே கருத்தை, இவர்கள் வெயிலில் உழைக்கவே பிறந்தவர்கள் என்று திரித்துக்கொள்ளத் தோட்ட முதலாளிகளுக்கு அதிக நேரம் பிடித்திராது என்பதும் உண்மை.

சூடு தீய்க்கவில்லை எனில் தீய்ப்பது எது? விடையின் ஒரு பாதி முன்பே கிடைத்திருந்தது. ஊதா நிறத்திற்கு அப்பால் கண்ணுக்குத் தெரியாத கதிர் ஒன்று வெள்ளிக் குளோரைடைக் கறுக்கச் செய்வதை 1801இல் ஜெர்மானியரான ரிட்டர் கண்டிருந்தார். தோலைச் சிவக்க வைப்பது அப்புறஊதாக் கதிரே என்று சுவீடனின் விட்மார்க் 1889இல்தான் நிறுவினார். அடுத்து வந்த டென்மார்க் மருத்துவர் நீல்ஸ் ஃபின்சன், தம் முன்கையில் இந்திய மையால் ஒரு பட்டை தீட்டி வெயிலில் காட்டினார். பட்டைக்கு வெளியே சிவந்து, பின் பழுப்பேறியது. மையின்றி மீண்டும் காட்டியபோது, முன்பு மை காத்த இடம் சிவந்தது. பழுப்பேறிய இடமோ சிவக்காமல் தப்பியது. உடல் தானே மை தீட்டிக்கொண்டுவிட்டது!

அந்த மையே மெலனின். அதனை ஆக்கும் உயிரணுக்களின் எண்ணிக்கை எல்லா நிறத்தாரிடமும் ஏறத்தாழ ஒன்றே. மெலனினின் அளவும் வகையுமே வேறு. அது துகள்களாகப் பக்கத்து உயிரணுக்களுக்குச் சென்று, உட்கருவின்மேல் குடைபோல் கவிந்து டி.என்.ஏ.வைக் காக்கிறது.

மெலனின் மட்டுமன்று. 1874இல் ஜாஃபே என்பவர் நாயின் சிறுநீரில் கண்டெடுத்ததால் யூரோகானிக் அமிலம் எனப் பெயர்பெற்ற பொருளொன்று, நம் மேல்தோலிலும் உண்டு. அது புறஊதாக் கதிரை உறிஞ்சுவதால், இயற்கையின் வெயில் தடுப்பு என 1950களில் போற்றப்பட்டு அழகுப் பொருள்களிலும் சேர்க்கப்பட்டது. ஆனால் கதிர் பட்டு உருமாறிய அவ்வமிலம் தோலின் நோய் எதிர்ப்பாற்றலைத் தளர்த்தக்கூடும் என்ற கருத்து 1983இல் எழுந்தது. இன்று ஐரோப்பிய ஒன்றியத்தில் அதனை அழகுப் பொருள்களில் சேர்க்கத் தடை உள்ளது. தோலோ அதனை எப்போதும்போல் சுரந்துகொண்டுதான் இருக்கிறது.