நொடிக்கு இருபத்து நான்கு: சென்னைத் திரைத்தொழிலில் ஓர் எண்ணின் வரலாறு

திரையில் அசைவாகத் தெரிவது, விரைந்து மாறும் அசையாப் படங்களின் வரிசையே ஆகும். ஒரு நொடிக்குள் எத்தனை படங்கள் மாறுகின்றன என்னும் கணக்கைத் திரைத்தொழிலில் ‘ஃபிரேம் ரேட்’ என்பர். இன்றைய எண்முறைக் கேமராவில் 24, 25, 30, 50 என்று பல எண்கள் வரிசையாக நிற்க, வேண்டியதை ஒரு பொத்தானால் தேர்ந்துகொள்ள முடிகிறது. ஆனால் சென்னைத் திரைத்தொழிலின் நூறாண்டுப் போக்கை நோக்கினால், இந்த எண்ணை நெடுங்காலம் தீர்மானித்தவை படைப்பாளியின் விருப்பத்தைவிட ஒலி, மின்சாரம், திரையரங்கு ஆகியவையே என்பதும், படத்தொகுப்பின் நடைமுறை முழுவதும் அந்தத் தீர்மானத்தைச் சுற்றியே வளர்ந்தது என்பதும் விளங்கும்.

1910-களின் இறுதியில் ஆர். நடராஜ முதலியார் ‘கீசக வதம்’ எடுத்த காலத்தில் கேமரா கையால் சுழற்றப்பட்டது. கைப்பிடியின் ஒரு சுற்றுக்கு எட்டுப் படங்கள் பதியும் வகையில் அக்காலக் கேமராக்கள் அமைந்திருந்தமையால், நொடிக்கு இரண்டு சுற்று என்பது 16 படங்களையும், நிமிடத்திற்கு 60 அடி பிலிமையும் குறித்தது. கையின் வேகம் சற்றே மாறினாலும் மௌனப்படத்தில் கண் அதைப் பொறுத்துக்கொண்டது. பேசும்படம் வந்தபோது அந்தச் சலுகை மறைந்தது. பிலிமின் ஓரத்தில் ஒளித்தடமாகப் பதியும் குரல், ஓட்டம் சிறிது தளர்ந்தாலும் இழுபட்டுக் கேட்குமாதலால், மோட்டாரால் இயங்கும் மாறா வேகம் இன்றியமையாததாயிற்று. மேலைநாடுகளில் 1920-களின் இறுதியில் நிலைபெற்ற 24 என்னும் எண், 1934-இல் ஏ. நாராயணன் சென்னையில் சீனிவாசா சினிடோன் என்னும் பேசும்பட நிலையத்தைத் தொடங்கி, அவருடைய துணைவியார் மீனாட்சி அங்கே ஒலிப்பதிவுப் பொறுப்பேற்றபோது, இந்நகரின் அளவுகோலாகவும் ஆயிற்று. அதன்படி நிமிடத்திற்கு 90 அடி பிலிம் ஓடியது. ஆயிரம் அடிச் சுருள் பதினொரு நிமிடத்தில் தீர்ந்தது. 1945-இல் தொடங்கி, பின்னாளில் அடையாறு திரைப்படக் கல்லூரி என்று அறியப்பட்ட அரசுப் பயிற்சி நிலையத்தில், இந்தக் கணக்கு தலைமுறை தலைமுறையாகப் பாடமாயிற்று.

எண் நிலைபெற்ற பிறகு அதை வேண்டுமென்றே மீறுவதும் ஒரு கலையாக வளர்ந்தது. சண்டைக்காட்சியை 24-க்குக் குறைவான வேகத்தில் பதிவுசெய்து வழக்கமான வேகத்தில் காட்டினால், அடியும் உதையும் விரைந்து தெரியும். பாடல் காட்சியை 48 படங்களில் எடுக்கும்போது, படப்பிடிப்புத் தளத்தில் பாடலையும் இரு மடங்கு வேகத்தில் ஒலிக்கவிட்டு நடிகரை வாயசைக்கச் செய்தனர்; திரையில் உடலும் உடையும் மெல்ல மிதக்க, உதடு மட்டும் பாட்டோடு பொருந்தி நிற்கும்.

தொகுப்பறையின் நடைமுறையும் இதே ஒழுங்கில் அமைந்தது. கழுவிய நெகடிவிலிருந்து ‘ரஷ்’ எனப்படும் வேலைப்பிரதி எடுக்கப்பட்டு, மூவியோலா இயந்திரத்தில் ஒலிச்சுருளோடு இணையாக ஓட்டப்பட்டு, வெட்டி ஒட்டப்பட்டது. பிறகு பிலிமின் ஓரத்தில் அச்சான எண்களைக் கொண்டு மூல நெகடிவ் அதேபோல் வெட்டப்பட்டது. படமும் ஒலியும் ஒரே வேகத்தில் ஓடியவரை இவ்வேலையில் குழப்பத்திற்கு இடமில்லை.

1975 ஆகஸ்ட் 15-இல் சென்னைத் தொலைக்காட்சி நிலையம் ஒளிபரப்பைத் தொடங்கியபோது, நகரில் இரண்டாவது எண் ஒன்று வந்து சேர்ந்தது. இந்தியத் தொலைக்காட்சி, 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தோடு இசைந்த, நொடிக்கு 25 படங்கள் கொண்ட முறையைப் பின்பற்றியமையால், திரைப்படத்தை அதில் படத்திற்குப் படமாக ஓட்டினால் நூற்றுக்கு நான்கு பங்கு விரைந்தது. இரண்டரை மணி நேரப் படம் 144 நிமிடத்தில் முடிந்தது, குரலும் சற்றே உயர்ந்தது. 1986-இல் செந்தில் குமாரும் ஜெயேந்திராவும் தொடங்கிய, மயிலாப்பூரைச் சேர்ந்த ரியல் இமேஜ் நிறுவனம் 1990-களில் அவிட் என்னும் கணினித் தொகுப்பு முறையை இந்தியாவுக்குக் கொண்டுவந்தபோது, இந்த வேறுபாடு படத்தொகுப்பாளரின் அன்றாடக் கவலையாயிற்று. பிலிம் வீடியோவாக மாற்றப்பட்டு 25-இல் கணினிக்குள் சென்றது. தொகுத்த முடிவோ 24-இல் ஓடும் நெகடிவுக்குத் திரும்ப வேண்டியிருந்தது. ஒவ்வொரு வெட்டையும் பிலிமின் ஓர எண்ணாக மாற்றித் தரும் பட்டியலே இரு உலகங்களையும் இணைத்தது. அதில் ஒரு படம் பிசகினாலும் மீட்க முடியாத மூல நெகடிவ் தவறான இடத்தில் வெட்டுப்படும்.

அடையாறு கல்லூரியில் பயின்ற பி.சி. ஸ்ரீராம் 2004-இல் ‘வானம் வசப்படும்’ படத்தையும், அடுத்த ஆண்டு கமல்ஹாசன் தரப்பு ‘மும்பை எக்ஸ்பிரஸ்’ படத்தையும் எண்முறையில் உருவாக்கினர். 2012-இல் ‘வழக்கு எண் 18/9’ நிழற்படக் கேமராவிலேயே ஒளிப்பதிவானது. பிலிம் விலகியதும் எண்ணைத் தேர்ந்தெடுக்கும் உரிமை முதன்முறையாகப் படைப்பாளியின் கைக்கு வந்தது. பழைய கட்டுப்பாடுகளோ பொறுப்புகளாக எஞ்சின. நொடிக்கு 100 முறை துடிக்கும் தெருவிளக்கின் கீழ் 24-இல் பதியும்போது காட்சி மினுங்காமலிருக்க, ஷட்டரை வழக்கமான 180 பாகையிலிருந்து 172.8 பாகைக்குக் குறைத்து, ஒவ்வொரு படத்திற்கும் ஐம்பதில் ஒரு நொடி ஒளி தருகின்றனர். அமெரிக்கத் தொலைக்காட்சி வழிவந்த 23.976 என்னும் எண், 24 போலவே தோன்றினாலும், ஒலியைச் சரிவர மாற்றாமல் கலந்தால் ஒரு மணி நேரத்தில் 3.6 நொடி விலகலை உண்டாக்கும்.

ஆகவே திரைப்படத் தோற்றம் என்று இன்று போற்றப்படுவது 24-ஐக் கேமராவில் அமைப்பதனால் மட்டும் கிடைப்பதில்லை. படம் இறுதியில் திரையரங்கில் ஓடுமா, தொலைக்காட்சியில் ஓடுமா என்பதைப் படப்பிடிப்புக்கு முன்பே முடிவுசெய்து, அந்த ஒரே எண்ணைக் கேமராவிலும் ஒலிப்பதிவிலும் தொகுப்பிலும் இறுதிப் பிரதியிலும் காத்துவருவதே அதன் அடிப்படை. மூவியோலாக் காலத்தில் இயந்திரமே காத்த அந்த ஒழுங்கை இன்று மனிதர் தம் அறிவால் காக்க வேண்டியிருக்கிறது. அதனாலேயே இவ்வரலாறு ஒவ்வோர் இளம் படத்தொகுப்பாளருக்கும் தொழிற்கல்வியின் முதற்பாடமாகத் தகுதி பெறுகிறது.