அரோசா அணியும் பகிஷ்கரிப்பின் நியாயமும்

1982 பெப்ரவரியில் பந்துல வர்ணபுரவின் தலைமையில் இலங்கை தனது முதலாவது டெஸ்ட் போட்டியில் ஆடியது. அதே ஆண்டு ஒக்டோபரில் அவரது தலைமையிலேயே 14 வீரர்கள் தென்னாபிரிக்கா சென்றார்கள். ஒழுங்கு செய்தவர் டொனி ஒபாத்த. அணியின் பெயர் 'அரோசா ஸ்ரீலங்கா'. எமது கிரிக்கெட் சபை அவர்களுக்கு 25 வருடத் தடை விதித்தது. 1983 ஏப்ரலில் கண்டி அஸ்கிரிய மைதானம் தன் முதல் டெஸ்ட் போட்டியைக் கண்டபோது, அவுஸ்திரேலியாவிடம் இன்னிங்ஸால் தோற்ற எமது அணியில் அவர்களில் எவரும் இல்லை.

அவர்களுக்காக இரங்குவோர் எங்கள் பக்கத்தில் இன்றும் உண்டு. அந்த இரக்கத்தில் நியாயமும் உண்டு. கிரிக்கெட்டால் குடும்பத்தைக் கொண்டு நடத்த முடியாத காலம் அது. அதே ஆண்டு கிரஹாம் கூச்சின் தலைமையில் சென்ற இங்கிலாந்து வீரர்களுக்குக் கிடைத்தது 3 வருடத் தடை மட்டுமே.

ஆயினும் பகிஷ்கரிப்பின் நியாயம் இதனால் குறைந்துவிடாது. 1970 முதல் சர்வதேச கிரிக்கெட்டில் தனித்துப்போன நிறவெறி அரசுக்கு ஒரு நற்சான்றிதழ் தேவைப்பட்டது. கறுத்த மேனியர் வந்து ஆடினால் அதைவிடச் சிறந்த சான்றிதழ் ஏது? அதை வழங்க வேண்டாம் என்று கேட்டவர்கள் அங்கு ஒடுக்கப்பட்ட மக்களே. 1959இல் ஆபிரிக்கத் தேசிய காங்கிரஸின் தலைவர் அல்பர்ட் லுதுலி தன் நாட்டுப் பொருட்களை வாங்காதிருக்குமாறு பிரித்தானிய மக்களை வேண்டினார். வெள்ளையரல்லாதாரின் கிரிக்கெட் அமைப்பை நடத்திய ஹசன் ஹோவா, நீதி பிறழ்ந்த சமூகத்தில் விளையாட்டு மட்டும் சீராக நடக்க முடியாது என்று வாதாடினார். அதற்கும் முன்பே, 1946இல், அங்குள்ள இந்திய வம்சாவளியினருக்கு இழைக்கப்பட்ட அநீதிக்காக இந்தியா தென்னாபிரிக்காவுடனான வர்த்தகத்தை நிறுத்தியிருந்தது. நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்குச் சென்ற தமிழரின் பிள்ளைகளும் அவர்களுள் அடங்குவர்.

இந்த வரலாற்றை வகுப்பில் சொன்னபோது ஒரு மாணவன் கேட்டான்: "சேர், எங்கட கடைகள்ல சாமான் வாங்க வேணாம் எண்டு சொன்னதும் பகிஷ்கரிப்புத்தானே?"

அவன் கேட்டது 2019ஐப் பற்றி. 2018 மார்ச்சில் திகனையில் எரிந்த கடைகளின் கரி மறையும் முன்பே, உயிர்த்த ஞாயிறு குண்டுத் தாக்குதலையடுத்து முஸ்லிம் கடைகளுக்குப் போகாதீர்கள் என்ற பிரசாரம் கிளம்பியது. சொல் ஒன்றுதான். ஆகவே இரண்டையும் பிரித்தறிய ஓர் அளவுகோல் வேண்டும்.

தென்னாபிரிக்கா மீதான பகிஷ்கரிப்பு ஓர் அரசின் சட்டங்களை எதிர்த்தது. எதைச் செய்தால் அது முடியும் என்பதும் தெளிவாக இருந்தது. 1991இல் நிறவெறிச் சட்டங்களின் தூண்கள் நீக்கப்பட்டன. அவ்வாண்டே அந்நாடு சர்வதேச கிரிக்கெட்டுக்குத் திரும்பியது. 2000இல் அதே அஸ்கிரியவில் எம்மை 7 ஓட்டங்களால் வென்றும் சென்றது.

கடை முதலாளி எந்தச் சட்டத்தை நீக்குவார்? அவரிடம் இருப்பது ஒரு தராசும் ஒரு பெயரும். தராசில் பிழையிருந்தால் திருத்தச் சொல்லலாம். பெயர்தான் குற்றமென்றால், அந்தப் பகிஷ்கரிப்பு முடிவதற்கு அவர் என்ன செய்ய வேண்டும்?