மிளகுத்தண்ணியும் முண்டு மிளகாயும்

ராமநாதபுரம் பக்கம் ரசம் தாளிக்க முண்டு மிளகாய்தான். உருண்டையா, தடித்த தோலோட, கருஞ்சிவப்பா இருக்கும். 2023-ல் புவிசார் குறியீடும் வாங்கியாச்சு. ஆனால் இந்த மிளகாயை வைத்து ரசத்தின் வயசைக் கணக்குப் போட்டால் கணக்கு உதைக்கும்.

மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு. வாஸ்கோடகாமா 1498-ல் கோழிக்கோடு வந்த பிறகு போர்ச்சுக்கீசியர் வழியாக வந்தது. அவர்கள் நம் கரையிலும் இருந்தவர்கள்தான். மண்டபம் பக்கத்து வேதாளையில்தான் 1549-ல் அந்தோணியோ கிரிமினாலி என்ற இயேசு சபைப் பாதிரியார் கொல்லப்பட்டார். புதுசாக வந்த காய்க்கு நம் ஆட்கள் வைத்த பெயரைப் பாருங்கள்: மிளகு, காய். பழைய வெர்ஷன் எது என்பது பெயரிலேயே இருக்கிறது.

தக்காளி அதைவிட இளசு. அதைச் சீமைத்தக்காளி என்று சொன்ன தாத்தா பாட்டிகள் பல வீட்டில் உண்டு.

இரண்டையும் எடுத்துவிட்டால் மிச்சம் என்ன? புளி, மிளகு, சீரகம், பூண்டு. ரசம் அப்படியேதான் நிற்கிறது! பாம்பன் பக்கம் சளிக்கு நண்டைத் தட்டிப் போட்டு வைக்கிற ரசத்தில் இன்றைக்கும் மிளகுக்குத்தான் முதல் இடம்.

மிளகு ராமநாதபுரத்தில் விளையாது, மலையிலிருந்து வரணும். சங்க இலக்கியத்தில் அதற்குக் 'கறி' என்று பெயர் (இன்றைக்குக் கறி என்றால் ஆட்டுக்கறி!). செங்கடல் கரையில் எகிப்தின் பெரனிகே துறைமுகத்தில், இந்தியாவில் செய்த ஒரு பெரிய ஜாடியில் சுமார் 7.5 கிலோ மிளகு கிடைத்தது. கி.பி. முதல் நூற்றாண்டுச் சரக்கு. நம் வைகை முகத்துவாரத்து அழகன்குளத்தில் ரோமானியக் காசுகளும் பானை ஓடுகளும் கிடைத்திருக்கின்றன. மிளகு போன கடல்வழியில் நம் கரையும் இருந்தது.

எனக்குப் பிடித்த சாட்சி வெள்ளைக்காரன் விட்டுப் போனது. ஆங்கில 'முல்லிகடானி' நம் மிளகுத்தண்ணிதான். 1784-லேயே பெங்களூர்ச் சிறையிலிருந்த ஆங்கிலக் கைதி ஒருவர் பெயரிலான பாட்டில் அந்தச் சொல் வருகிறது. மதராஸ் மாகாண வெள்ளை அதிகாரிகளுக்கு 'முல்' என்றே பட்டப்பெயர். கவனியுங்கள், 'தண்ணீர்' இல்லை, 'தண்ணி'. புத்தகத்திலிருந்து எடுத்ததில்லை, சமையல்காரர் வாயிலிருந்து கேட்டது. மிளகாய் வந்து இருநூறு வருஷத்துக்கு மேல் ஆகியும் அடுப்படியில் மிளகின் பெயர்தான் புழங்கியிருக்கிறது. அப்புறம் லண்டனில் அதில் இறைச்சி, ஆப்பிள், க்ரீம் எல்லாம் சேர்த்தது அவர்கள் பாடு.

அப்போ முண்டு மிளகாய் அந்நியச் சரக்கா? அப்படிப் பேசுகிறவர்களோடு எனக்கு ஒத்துவராது. கடலில் வந்தது விதை மட்டும்தான். முதுகுளத்தூர், கமுதி மானாவாரி நிலத்தில், வடகிழக்குப் பருவமழையை மட்டும் நம்பி, தலைமுறை தலைமுறையாக நல்ல காயைப் பொறுக்கி விதைக்கு வைத்தவர்கள் நம் சம்சாரிகள். மாசி, பங்குனியில் அந்தப் பக்கம் போனால் களமெல்லாம் சிவப்பாகக் காய்ந்துகொண்டிருக்கும். மழை தப்பினாலோ, காய்கிற நேரத்தில் பெய்தாலோ அந்த வருஷம் அவ்வளவுதான்.