மார்ச் 10

மார்ச் 10 கிரிகோரியன் நாட்காட்டியின் 69ஆம் நாளாகும். நெட்டாண்டுகளில் இது 70ஆம் நாள். ஆண்டு முடிவிற்கு மேலும் 296 நாட்கள் உள்ளன. தமிழ் நாட்காட்டியில் இந்நாள் மாசி மாதத்தின் கடைசி வாரத்தில் வருகிறது.

இந்நாளில் நிகழ்ந்தவற்றுள் ஒன்று, திருப்பத்தூர் மாவட்டத்தின் ஜவ்வாது மலையில் அமைந்துள்ள காவலூரோடு தொடர்புடையது. 1977ஆம் ஆண்டில் யுரேனசு கோளுக்கு வளையங்கள் உண்டெனக் காட்டிய விண்மீன் மறைப்பை அங்கிருந்த வானியலாளரும் பதிவு செய்தனர். உலகெங்கும் உள்ள நூல்கள் இதனை மார்ச் 10 என்றே குறிக்கின்றன. ஆனால் அவ்வேளையில் காவலூர்ச் சுவரில் தொங்கிய நாட்காட்டியின்படி மார்ச் 11 பிறந்து விட்டிருந்தது. இந்த முரண் எவ்வாறு வந்தது என்பது கீழே விளக்கப்பட்டுள்ளது.

நிகழ்வுகள்

1876 - அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் அலெக்சாண்டர் கிரகாம் பெல், அடுத்த அறையில் இருந்த தம் உதவியாளர் வாட்சனைத் தொலைபேசிக் கருவி வழியாக அழைத்தார். தெளிவாக விளங்கிய முதல் தொலைபேசிப் பேச்சு இதுவெனக் கொள்ளப்படுகிறது.

1922 - மகாத்மா காந்தி சபர்மதி ஆசிரமத்தில் இரவில் கைது செய்யப்பட்டார். 'யங் இந்தியா' இதழில் அவர் எழுதிய கட்டுரைகள் அரசுக்கு எதிரானவை என்பது குற்றச்சாட்டு. எட்டு நாட்களுக்குப் பின், மார்ச் 18 அன்று, அவருக்கு ஆறு ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

1959 - திபெத்தின் லாசா நகரில் சீன ஆட்சிக்கு எதிரான எழுச்சி தொடங்கியது. அம்மாத இறுதியில் தலாய் லாமா இந்தியாவுக்கு வந்து சேர்ந்தார்.

1977 - யுரேனசின் வளையங்கள் கண்டறியப்பட்டன.

1982 - அக்காலத்தில் கோள்களாக எண்ணப்பட்ட ஒன்பதும் சூரியனுக்கு ஒரே பக்கமாக அமைந்தன. இதனால் பெரும் நிலநடுக்கம் ஏற்படும் என்று 1974இல் வெளிவந்த ஒரு நூல் பலரை அச்சுறுத்தியிருந்தது. எதுவும் நேரவில்லை. கோள்கள் மிகத் தொலைவில் இருப்பதால் அவற்றின் ஈர்ப்பு புவியின் பாறைகளை அசைக்கும் அளவிற்கு வலுவானதன்று.

1985 - மெல்பேர்ணில் நடந்த உலகத் துடுப்பாட்ட வாகையர் போட்டியின் இறுதி ஆட்டத்தில் இந்தியா பாக்கிஸ்தானை எட்டு இலக்குகளால் வென்றது. அணித்தலைவர் சுனில் கவாஸ்கர்.

2006 - செவ்வாய் உளவு சுற்றுக்கலன் செவ்வாயைச் சுற்றும் பாதையில் நுழைந்தது.

காவலூரும் யுரேனசின் வளையங்களும்

தமிழ்நாட்டில் திருப்பத்தூர் என்ற பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட ஊர்கள் உள்ளன. இங்கு குறிக்கப்படுவது சிவகங்கை மாவட்டத்துத் திருப்பத்தூர் அன்று. 2019 நவம்பரில் வேலூர் மாவட்டத்திலிருந்து பிரித்துத் தனி மாவட்டமாக்கப்பட்ட திருப்பத்தூர் ஆகும். 1977இல் இப்பகுதி வட ஆர்க்காடு மாவட்டத்தில் இருந்தது. ஆலங்காயத்தை அடுத்த காவலூரில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 725 மீட்டர் உயரத்தில், வானியலாளர் வைணு பாப்புவின் முயற்சியால் 1960களின் இறுதியில் வான்காணகம் நிறுவப்பட்டது. நகர வெளிச்சம் இல்லாத வானமும், நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் தென்வானத்தின் பெரும்பகுதியும் தெரிவதும் அவ்விடத்தின் சிறப்புகள். 1972இல் அங்கு ஒரு மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கி நிறுவப்பட்டது.

1977 மார்ச்சில் யுரேனசு ஒரு மங்கலான விண்மீனுக்கு முன்னால் கடந்து செல்லும் எனக் கணிக்கப்பட்டிருந்தது. ஒரு கோள் விண்மீனை மறைக்கும் இத்தகைய நிகழ்வு 'மறைப்பு' எனப்படும். விண்மீன் மறைந்தும் வெளிப்பட்டும் ஒளி மாறும் விதத்தை அளந்தால் கோளின் விட்டத்தையும் வளிமண்டலத்தையும் அறியலாம். வானியலாளர் தேடியது இதைத்தான். வளையங்களை எவரும் எதிர்பார்க்கவில்லை.

ஜேம்ஸ் எலியட், எட்வர்டு டன்காம், ஜெசிகா மிங்க் ஆகியோர் தொலைநோக்கி பொருத்திய வானூர்தி ஒன்றில் இந்தியப் பெருங்கடலின் மேல் பறந்தபடி இதனை நோக்கினர். கருவியை முன்கூட்டியே இயக்கி வைத்தது அவர்களுக்கு நன்மையாக முடிந்தது. கோள் விண்மீனை எட்டும் முன்பே விண்மீனின் ஒளி ஐந்து முறை சட்டெனக் குறைந்து மீண்டது. கோள் விலகிய பிறகும் ஐந்து முறை குறைந்தது.

இதனைப் புரிந்துகொள்ள, இரவில் ஒருவர் கைவிளக்குடன் தெருவின் மறுபுறம் நடந்து செல்வதாகக் கொள்ளலாம். அவருக்கும் நமக்கும் இடையே முதலில் ஐந்து கம்பங்கள், பிறகு ஒரு வீடு, பிறகு மீண்டும் ஐந்து கம்பங்கள் உள்ளன. விளக்கு ஐந்து முறை மினுக்கும், வீட்டின் பின் மறையும், மறுபடி ஐந்து முறை மினுக்கும். வீட்டிலிருந்து கம்பங்களின் தொலைவு இருபுறமும் ஒன்றாக இருந்தால் அவை வீட்டைச் சுற்றிக் கட்டிய வேலிகளாக இருக்கலாம் என்று ஊகிக்கலாம். யுரேனசில் அந்த வேலிகளே வளையங்கள். துணைக்கோள்களாக இருந்திருந்தால் இருபுறமும் இப்படிப் பொருந்தி வந்திருக்காது.

அதே இரவில் காவலூரின் ஒரு மீட்டர் தொலைநோக்கியில் ஜே. சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் விண்மீனின் ஒளி சில நொடிகள் குறைந்ததைப் பதிவு செய்தனர். யுரேனசின் அறியப்படாத துணைக்கோள் ஒன்று விண்மீனை மறைத்ததாக அவர்கள் முதலில் விளக்கினர். கையிலிருந்த பதிவை மட்டும் வைத்துப் பார்த்தால் அது பொருத்தமான விளக்கமே. ஆனால் நைனிடால், பெர்த், கேப் டவுன் முதலிய இடங்களின் பதிவுகளும் வந்து சேர்ந்தன. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் இடைவெளியில் உள்ள ஊர்களிலெல்லாம் அதே விண்மீனை ஒரு சிறு துணைக்கோள் மறைத்திருக்க இயலாது. எனவே காவலூரில் பதிவானதும் வளையத்தின் மறைப்பே என்பது உறுதியானது. பல நூல்கள் வானூர்திக் குழுவை மட்டுமே குறிப்பிடுகின்றன. விளக்கம் பிழைத்தாலும் காவலூரின் அளவீடு சரியானதே. சான்றுகளுள் அதுவும் ஒன்று.

யுரேனசுக்கு இன்று 13 வளையங்கள் அறியப்பட்டுள்ளன. அவை மிகக் கருமையானவை என்பதால் அன்றைய தொலைநோக்கிகளில் நேரடியாகத் தெரியவில்லை.

மார்ச் 10ஆ, 11ஆ?

மறைப்பு நிகழ்ந்தபோது ஒருங்கிணைந்த அனைத்துலக நேரப்படி மார்ச் 10, இரவு எட்டு மணி கடந்திருந்தது. இந்திய சீர் நேரம் இதைவிட ஐந்தரை மணி நேரம் முந்தியது. ஆகவே காவலூரில் நள்ளிரவு கடந்து, மார்ச் 11 அதிகாலை ஆகியிருந்தது. உலகின் பல இடங்களில் எடுத்த அளவீடுகளை ஒப்பிட வேண்டுமானால் எல்லாரும் ஒரே கடிகாரத்தைப் பின்பற்ற வேண்டும். அதனாலேயே வானியலாளர் அனைத்துலக நேரத்தில் எழுதுகின்றனர். கணினிகளும் பெரும்பாலும் நேரத்தை அவ்வாறே சேமித்து, திரையில் காட்டும்போது மட்டும் உள்ளூர் நேரமாக மாற்றுகின்றன. மேலே குறித்த 2006ஆம் ஆண்டுச் செவ்வாய் நிகழ்வும் இந்தியாவில் மார்ச் 11 அதிகாலையிலேயே நடந்தது.

நாள் நள்ளிரவில்தான் தொடங்க வேண்டும் என்பது இயற்கை விதியன்று. 1925ஆம் ஆண்டுக்கு முன் வானியலாளர் தம் நாளை நண்பகலில் தொடங்கினர். ஓர் இரவின் பதிவுகள் இரண்டு தேதிகளில் சிதறாமல் இருக்க அது உதவியது. நம் பஞ்சாங்க முறையில் கிழமை சூரிய உதயத்தில் மாறுகிறது. அதன்படி அவ்வேளையில் காவலூரில் வெள்ளி பிறக்கவில்லை. மார்ச் 10ஆம் நாளுக்குரிய வியாழக்கிழமையே நீடித்தது.

பிறப்புகள்

1932 - உடுப்பி ராமச்சந்திர ராவ், இந்திய விண்வெளி அறிவியலாளர் (இ. 2017). 1975இல் ஏவப்பட்ட இந்தியாவின் முதல் செயற்கைக்கோளான ஆரியபட்டாவின் உருவாக்கத்திற்குத் தலைமை தாங்கியவர். பின்னர் இந்திய விண்வெளி ஆய்வு மையத்தின் தலைவராக இருந்தார்.

இறப்புகள்

1897 - சாவித்திரிபாய் புலே, கல்வியாளர், சமூக சீர்திருத்தவாதி (பி. 1831). 1848இல் புனேயில் கணவர் ஜோதிராவ் புலேயுடன் சேர்ந்து பெண்களுக்குப் பள்ளி தொடங்கியவர். பிளேக் நோயாளிகளுக்குத் தொண்டாற்றியபோது அந்நோய் தொற்றி உயிரிழந்தார்.