மிச்சப் பிலிமும் மூன்று பயணிகளும்

குறைந்த செலவில் எடுக்கப்பட்ட நல்ல படங்களைப் பற்றி நம் வட்டத்தில் பேச்சு வரும்போதெல்லாம் ஒரு வாதம் தவறாமல் தலைகாட்டுகிறது. பணம் இல்லாததால்தான் படம் அப்படி அமைந்தது, வறுமைதான் அதன் உருவத்தைத் தீர்மானித்தது என்கிற வாதம். கேட்பதற்கு இதமாக இருக்கிறது. சந்தாப் பணத்தை நம்பிப் பத்திரிகை நடத்துகிறவர்களுக்கு இன்னும் இதமாக இருக்கும். இந்த வாதத்தை ஒரு படத்தின் சரித்திரத்தோடு பொருத்திப் பரிசீலிக்க விரும்புகிறேன். ஜிம் ஜார்முஷ் என்ற அமெரிக்க டைரக்டரின் ‘ஸ்ட்ரேஞ்சர் தேன் பாரடைஸ்’ (1984) அந்தப் படம். ஊர் ஊராகப் போகும் சிநேகிதர்களைப் பற்றிய ஹாஸ்யப் படம். நான் வங்கியில் பேரேடு பார்த்துப் பிழைக்கிறவன். ஆகவே என் பரிசீலனையும் கணக்கிலிருந்துதான் தொடங்கும்.

நண்பர்கள் உலகம் சுற்றுவது சினிமாவுக்குப் பழைய விஷயம். ஹாலிவுட் இதை இரண்டு வழிகளில் கையாண்டிருக்கிறது. ஒன்று, ஊருக்குப் போகாமலே ஊரைக் காட்டுவது. பாரமவுண்ட் கம்பெனி 1940இல் ‘ரோட் டு சிங்கப்பூர்’ எடுத்தபோது பிங் கிராஸ்பியும் பாப் ஹோப்பும் சிங்கப்பூரில் காலை வைக்கவில்லை. ஸ்டூடியோவில் நட்டுவைத்த தென்னைமரங்களே போதுமானதாக இருந்தன. பிறகு சான்சிபார், மொராக்கோ, ரியோ, பாலி என்று 1962 வரை ஏழு படங்கள் வந்தன. இரண்டாவது வழி, பணத்தைக் கொட்டி ஊரையே திரைக்குக் கொண்டுவருவது. மைக் டாட் 1956இல் தயாரித்த ‘எண்பது நாட்களில் உலகைச் சுற்றி’ 70 மில்லிமீட்டர் பிலிமில், சுமார் 60 லட்சம் டாலர் செலவில் உருவாயிற்று. எஜமானன், வேலைக்காரன் இருவரும் பலூன், ரயில், யானை, கப்பல் எல்லாவற்றிலும் ஏறி இறங்குகிறார்கள். அந்த வருஷத்தின் சிறந்த படம் என்று ஆஸ்காரும் கிடைத்தது.

இரண்டு வழிகளும் வெளிப்பார்வைக்குத்தான் எதிரெதிரானவை. இரண்டுக்கும் அடியில் ஒரே நம்பிக்கை இருக்கிறது. ஊர் மாறினால் காட்சி மாறும், காட்சி மாறினால் அனுபவம் மாறும் என்ற நம்பிக்கை. டிக்கெட் வாங்குகிறவன் அதற்குத்தான் காசு கொடுக்கிறான். ஜார்முஷின் படம் அந்த நம்பிக்கையோடுதான் மோதுகிறது.

படம் பிறந்த கதை விசித்திரமானது. ஜார்முஷ் 1953இல் ஒஹாயோ மாநிலத்து ஆக்ரன் நகரில் பிறந்தவர். நியூயார்க்கில் சினிமா படிக்கும்போது டைரக்டர் நிக்கலஸ் ரேக்கு உதவியாளராக இருந்தார். ரேயின் கடைசி நாட்களில் அவருடன் சேர்ந்து படம் எடுத்துக்கொண்டிருந்த ஜெர்மானியர் விம் வெண்டர்ஸின் பழக்கம் அப்படி ஏற்பட்டது. வெண்டர்ஸ் 1982இல் ‘விஷயங்களின் நிலை’ என்று ஒரு கறுப்பு வெள்ளைப் படம் எடுத்தார். போர்ச்சுகல் கடற்கரையில், கையில் பிலிமும் தீர்ந்து தயாரிப்பாளரும் காணாமல் போய் நடுவழியில் நின்றுவிடும் ஒரு சினிமாக் குழுவைப் பற்றிய படம் அது. அந்தப் படப்பிடிப்பில் மிஞ்சிய பிலிமைத்தான் வெண்டர்ஸ் ஜார்முஷிடம் கொடுத்தார். பிலிம் தீர்ந்துபோனவர்களின் கதையில் மிஞ்சிய பிலிம் என்பதை யாராவது கதையில் எழுதியிருந்தால் மிகை என்று அடித்துவிட்டிருப்பேன்.

அது சுமார் 40 நிமிஷம் ஓடக்கூடிய பிலிம். அதில் அரைமணி நேரக் குறும்படம் ஒன்று எடுத்தார் ஜார்முஷ். அதுவே பின்னால் முழுப்படத்தின் முதல் பகுதியாக, ‘புதிய உலகம்’ என்ற தலைப்போடு நின்றது. அப்புறம் மேற்கு ஜெர்மனித் தயாரிப்பாளர் ஓட்டோ குரோக்கன்பெர்கரும் அங்கத்திய தொலைக்காட்சி நிறுவனமும் பணம் போட்டு, மேலும் இரண்டு பகுதிகள் சேர்ந்தன. எல்லாம் கூட்டினால் ஒரு லட்சம் டாலரை ஒட்டிய தொகைதான். மைக் டாட் செலவழித்ததில் அறுபதில் ஒரு பங்கு. அதற்கிடையில் 28 வருஷ விலைவாசி வேறு ஏறியிருந்தது.

நம்மவர்களின் வாதம் இந்த இடத்தில்தான் எழும். 40 நிமிஷப் பிலிமில் 30 நிமிஷப் படம் என்றால் ஒரு காட்சியை இரண்டாம் முறை எடுக்க வழியில்லை. ஆகவே ஒவ்வொரு காட்சியும் வெட்டில்லாத ஒரே ஷாட். காமிரா ஓரிடத்தில் நிற்கிறது, ஆட்கள் வருகிறார்கள், உட்கார்கிறார்கள், போகிறார்கள். ஷாட் முடிந்ததும் திரை சில விநாடிகள் முழுக்க இருண்டுவிடுகிறது. பிறகு அடுத்தது. சிக்கனம் உருவமாயிற்று என்று இதைச் சொல்லிவிடலாம்.

பேரேட்டின் அடுத்த பக்கத்தைத் திருப்பினால் இது நிற்காது. அந்த இருட்டு சிக்கனம் இல்லை. பிரதி எடுக்கும்போது கறுப்புப் பிலிமின் ஒவ்வொரு அடிக்கும் படம் பதிந்த பிலிமுக்கு உள்ள அதே செலவுதான். காசில்லாதவன் வெட்டி ஒட்டிவிட்டுப் போயிருப்பான். தவிர, இதே ஜார்முஷ் 1980இல் ‘நிரந்தர விடுமுறை’ என்ற முதல் படத்தை இதைவிட மிகக் குறைவாக, சுமார் 15,000 டாலரில், படிப்புக்கு வந்த உதவித்தொகையைச் செலவழித்து எடுத்திருக்கிறார். அதிலும் ஊர் சுற்றும் இளைஞன்தான். ஆனால் அதில் இந்த உருவம் கிடையாது. வறுமை உருவத்தைத் தருமென்றால் அதிக வறுமை அதிகமாகவல்லவா தந்திருக்க வேண்டும்? மறுபக்கமும் பார்க்கலாம். பெயரும் பணமும் வந்தபின் 1991இல் ‘பூமியில் இரவு’ எடுத்தார். லாஸ் ஏஞ்சலஸ், நியூயார்க், பாரிஸ், ரோம், ஹெல்சிங்கி என்று ஐந்து நகரங்கள். ஐந்திலும் அவர் பெரும்பாலும் டாக்சிக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறார். உலகம் சுற்றக் காசு கிடைத்தபோதும் ஊரைக் காட்டச் சம்மதிக்கவில்லை. வறுமை ஒரு கேள்வியைக் கேட்டது என்று மட்டுமே நம்மால் சொல்ல முடியும். பதிலை அவர் வேறெங்கிருந்தோ கொண்டுவந்திருக்கிறார்.

எங்கிருந்து என்பதற்குப் படத்தின் கதையைப் பார்க்க வேண்டும். வில்லி நியூயார்க்கில் ஒற்றை அறையில் இருக்கிறான். சூதாட்டம், குதிரைப் பந்தயம், தொலைக்காட்சி. அவன் நிஜப் பெயர் பேலா. ஹங்கேரியிலிருந்து வந்தவன் என்பதை யாரும் நினைவுபடுத்தக் கூடாது. புடாபெஸ்டிலிருந்து மாமன் மகளோ சித்தி மகளோ, ஈவா என்ற இளம்பெண், கிளீவ்லண்டிலுள்ள லோட்டி அத்தையிடம் போகும் வழியில் இவனிடம் பத்து நாள் தங்க நேர்கிறது. அவள் ஹங்கேரிய பாஷையில் பேசினால் இவன் தடுக்கிறான். அலுமினியத் தட்டில் வரும் தயார்ச் சாப்பாட்டை வில்லி சாப்பிடும்போது, அந்த மாமிசம் எதிலிருந்து வருகிறது என்று ஈவா கேட்கிறாள். அவனுக்குச் சரியாகப் பதில் சொல்லத் தெரியவில்லை. அமெரிக்காவில் இப்படித்தான் சாப்பிடுவோம், பாத்திரம் கழுவ வேண்டியதில்லை என்கிறான். வந்தேறி ஒருவன் தன் புதிய தேசத்துக்காகச் செய்யும் அந்தச் சின்ன வக்காலத்தில் இருக்கும் பரிதாபத்தை அழுத்திக் காட்ட இன்னொரு டைரக்டர் முகத்துக்கு அருகே காமிராவைக் கொண்டுபோயிருப்பார். இங்கே காமிரா நகரவில்லை. சிரிப்பும் சங்கடமும் நம் பொறுப்பில் விடப்படுகின்றன.

ஒரு வருஷம் கழித்து வில்லியும் அவன் சிநேகிதன் எடியும் சீட்டாட்டத்தில் ஏமாற்றிச் சம்பாதித்த பணத்தோடு, இரவல் காரில் கிளீவ்லண்ட் போகிறார்கள். அங்கே பெரிய ஏரி இருக்கிறது, அழகான ஊர் என்று எடி சொல்லியிருக்கிறான். ஈவா அவர்களை ஈரி ஏரிக்குக் கூட்டிப் போகிறாள். உறைபனி. வானமும் ஏரியும் ஒரே வெள்ளை. மூன்று பேரும் கம்பிக்கு இந்தப்பக்கம் நின்று, இல்லாத காட்சியைப் பார்க்கிறார்கள். உலகம் சுற்றும் படங்களின் சரித்திரத்தில் இதற்கு ஈடான ஹாஸ்யக் காட்சி எனக்குத் தெரிந்து இல்லை. புது ஊருக்கு வந்தும் எல்லாம் பழைய மாதிரியே இருப்பதாக எடி குறைப்படுகிறான். மைக் டாடின் படம் இரண்டரை மணிநேரத்துக்கு மேல் செலவழித்து மறைத்த உண்மை அது.

பிறகு ஃபுளோரிடா. படம் ‘சொர்க்கம்’ என்று பெயர் சூட்டும் இடம். இருவருக்கு மட்டும் வாடகை கொடுத்து, ஈவாவை ஒளித்து உள்ளே கொண்டுபோகும் மோட்டல் அறை. அது நியூயார்க் அறையின் உடன்பிறப்பு. ஆண்கள் பந்தயத்தில் பணத்தைத் தொலைக்கிறார்கள், பிறகு ஜெயிக்கிறார்கள். தொப்பி ஒன்றை வைத்து ஆள் தெரியாமல் யாரோ ஈவா கையில் பணக்கட்டைத் திணிக்கிறான். அவள் விமான நிலையம் போகிறாள். அன்றைக்கு ஐரோப்பாவுக்கு மிஞ்சியிருப்பது ஒரே விமானம், அதுவும் புடாபெஸ்டுக்கு. அவளை இறக்கிக் கூட்டிவர வில்லி டிக்கெட் வாங்கி விமானத்தில் ஏறுகிறான். விமானம் அவனோடு கிளம்பிவிடுகிறது. இருவரும் போய்விட்டார்கள் என்று எடி காரை ஓட்டிக்கொண்டு போகிறான். ஈவா போகவேயில்லை. காலியான அறைக்குத் திரும்பி வந்து உட்கார்கிறாள்.

படத்தில் நடக்கும் பயணங்களில் ஒன்றே ஒன்றுதான் உண்மையான பயணம். பேலா ஊர் திரும்புகிறான். அதைப் படம் காட்டுவதில்லை. தன் பிறப்பை மறைக்கப் பெயரையே மாற்றிக்கொண்டவன், எந்தத் தீர்மானமும் செய்யாமல், வெறும் தவறுதலாக அங்கே அனுப்பப்படுகிறான். 1984இல் அந்த எல்லையைத் தாண்டுவது விளையாட்டல்ல. இதைத் தெரிந்தவர்கள் படத்துக்குள்ளேயே இருந்தார்கள். ஈவாவாக நடித்த எஸ்தர் பாலிந்த், ஸ்குவாட் தியேட்டர் என்ற ஹங்கேரிய நாடகக்குழுவோடு வளர்ந்தவர். பொதுமேடை மறுக்கப்பட்டு வீட்டு அறையில் நாடகம் போட்ட குழு. 1970களின் பிற்பகுதியில் தேசத்தை விட்டு வெளியேறி, நியூயார்க்கின் 23ஆம் தெருவில் ஒரு கடைவாசலுக்குப் பின்னால் அரங்கம் அமைத்துக்கொண்டவர்கள். அறைக்குள் ஒரு தேசம் அடங்கும் என்பது அவர்கள் அனுபவத்தில் கண்டது.

அந்தப் பார்வையை உருவமாக்க ஜார்முஷுக்கு ஜப்பானின் ஓசு துணை நின்றார். ஓசுவின் மேல் பைத்தியமாயிருக்கும், அமெரிக்கத் தொலைக்காட்சி ஹாஸ்யத் தொடரும் பார்த்திருக்கும் ஒரு கற்பனையான கிழக்கு ஐரோப்பிய டைரக்டர் எடுத்தது போன்ற படம் என்று அவரே இதைக் குறிப்பிட்டிருக்கிறார். பந்தயக் குதிரைகளின் பெயர்களை எடி வாசிக்கும்போது ‘டோக்கியோ ஸ்டோரி’, ‘லேட் ஸ்ப்ரிங்’ என்று ஓசு படங்களின் பெயர்கள் வருகின்றன. ஓசுவிடம் கற்றுக்கொண்டது குதிரைப் பெயரோடு நிற்கவில்லை. அசையாத காமிராவும், ஆள் போனபின் எஞ்சும் அறையும், எதையும் அடிக்கோடிடாத கூச்சமும் அங்கிருந்து வந்தவை. பாரிஸில் இருந்த நாட்களில் சினிமாதெக்கில் உட்கார்ந்து பார்த்த பார்வைக்கு 40 நிமிஷப் பிலிம் வந்து வாய்த்தது. பார்வை இல்லாதவன் கையில் அது வெறும் 40 நிமிஷப் பிலிமாகவே இருந்திருக்கும்.

இதே காலத்தில் இன்னொரு மூலையிலிருந்தும் சாட்சி கிடைக்கிறது. ஃபின்லாந்தின் அகி கௌரிஸ்மாகி 1989இல் ‘லெனின்கிராட் கௌபாய்ஸ் அமெரிக்கா போகிறார்கள்’ என்ற படத்தை எடுத்தார். தூந்திரத்தில் விலைபோகாத வாத்தியக்குழு, குளிரில் விறைத்த சகாவைப் பெட்டியில் கிடத்தித் தூக்கிக்கொண்டு அமெரிக்கா போகிறது. அங்கேயும் எடுபடாமல், மெக்ஸிகோவில் ஒரு கல்யாணத்துக்கு வாசிக்கப் போகிறது. குழு பட்டினி கிடக்க, அவர்களுடைய மானேஜர் பெட்டிக்குள் ஐஸில் பீர் ஒளித்துவைத்துக் குடிக்கிறான். அவர்களுக்குப் பழைய கார் விற்கும் வியாபாரியாக வருகிறவர் ஜார்முஷ். மேற்கே போனால் பிழைத்துக்கொள்ளலாம் என்ற கனவைக் கேலி செய்த அந்தப் படம் வந்த வருஷத்தில்தான் பெர்லின் சுவர் விழுந்தது. 1993இல் இதே குழு ஹெல்சிங்கி சதுக்கத்தில் முன்னாள் செம்படையின் பாடகர் குழுவோடு ஒரே மேடையில் நின்று பாடியது. கேலியை நிஜம் முந்திக்கொண்டுவிட்டது.

‘ஸ்ட்ரேஞ்சர் தேன் பாரடைஸ்’ 1984இல் கான் விழாவில் புதிய டைரக்டருக்கான தங்கக் காமிரா பரிசு பெற்றது. 2002இல் அமெரிக்க அரசின் பாதுகாக்கப்பட வேண்டிய படங்களின் பட்டியலிலும் இடம் பெற்றது. அதன் பிறகு உலகெங்கும் கறுப்பு வெள்ளையில், காமிராவை அசைக்காமல், பேசாத இளைஞர்களை உட்காரவைத்து எத்தனையோ படங்கள் வந்துவிட்டன. பெரும்பாலானவற்றில் வறுமை இருக்கிறது, இருட்டு இடைவெளி இருக்கிறது, ஏரி மட்டும் இல்லை.

ஆகவே நம் பத்திரிகைகளின் மட்டமான காகிதத்தையும், தாமதமாக வரும் இதழ்களையும், முன்னூறு பிரதிகளையும் நம் தரத்துக்குச் சாட்சியாக நிறுத்துவதை நாம் நிறுத்திக்கொள்வது நல்லது. காகிதம் மட்டமாக இருப்பது காசில்லாததால். அதில் அச்சாகும் கவிதை மட்டமாக இருந்தால் அதற்குக் காரணம் வேறு. மிச்சப் பிலிம் யார் கைக்கும் வரலாம். கையில் இருப்பது 40 நிமிஷம்தான் என்று தெரிந்தபிறகும், படத்தில் சில விநாடிகள் எதுவும் தெரியாமல் இருக்க வேண்டும் என்று ஒருவன் தீர்மானிக்கிறானே, அந்தத் தீர்மானத்தின் பெறுமானத்தை எந்தத் தலைப்பின்கீழ் பற்று எழுதுவது என்று என் பேரேட்டில் இடமில்லை. விமர்சனத்தின் வேலை அங்கேதான் ஆரம்பமாகிறது என்று நினைக்கிறேன்.