மசியாத இரண்டாம் கியர்

ஸ்போர்ட்ஸ் காரின் கியர் லிவர் எளிதில் மசியாமல் நிற்பதற்கு அடிப்படைக் காரணம் ஒன்றுதான்: ஒன்றோடொன்று கோக்க வேண்டிய இரண்டு பாகங்கள் வெவ்வேறு வேகத்தில் சுற்றிக்கொண்டிருக்கின்றன. என்ஜின் பக்கத்துத் தண்டின் (உட்தண்டின்) வேகம் ஒன்று. சக்கரங்களோடு பிணைந்த தண்டின் வேகம் வேறொன்று. இரண்டும் சமமாகும் வரை கியர் விழாது. வேகத்தைச் சமப்படுத்தும் இந்த வேலை ஒரு காலத்தில் முழுக்க ஓட்டுநருடைய பொறுப்பாக இருந்தது. பிறகு அது சிறிது சிறிதாக இயந்திரத்தின் பொறுப்பாக மாறியது. மாறிய ஒவ்வொரு கட்டத்திலும் லிவரின் கடினம் ஒரு புதிய வடிவத்தில் மிஞ்சியிருந்தது.

பிரான்சில் எமில் லெவாசோர் 1891-இல் வகுத்த பான்ஹார்ட்-லெவாசோர் கார் அமைப்பில் என்ஜின் முன்புறமும், அதற்குப் பின் கிளட்சும் கியர்பாக்ஸும் இருந்தன. அந்த கியர்பாக்ஸில் பல்சக்கரங்கள் தண்டின் மீது வழுக்கிச் சென்று, சுற்றிக்கொண்டிருக்கும் மற்றொரு பல்சக்கரத்தோடு நேரடியாக மோதிக் கோத்துக்கொள்ளும். வேகம் பொருந்தவில்லை என்றால் பற்கள் அரைபடும் ஓசை தெருவுக்கே கேட்கும். லூயி ரெனோ 1898-இல் தன் முதல் காரில் மேல் கியரை இடைப் பற்சக்கரங்கள் இல்லாத நேரடி இணைப்பாக அமைத்தபோது, ஓடும் ஓசையும் சக்தி இழப்பும் குறைந்தன. கியர் மாற்றும் சிரமம் மட்டும் அப்படியே இருந்தது.

அந்தச் சிரமத்துக்கு ஓட்டுநர்கள் கண்ட வழி இரட்டைக் கிளட்ச். பழைய லாரிகளை ஓட்டிய தமிழ்நாட்டு ஓட்டுநர்களுக்கும் 'டபுள் கிளட்ச்' நன்கு பழகிய உத்திதான். கிளட்சை மிதித்து லிவரை நியூட்ரலுக்குக் கொண்டுவர வேண்டும். கிளட்சை விட வேண்டும். மீண்டும் மிதித்து அடுத்த கியரில் போட வேண்டும். மேல் கியருக்குப் போகும்போது, நியூட்ரலில் காத்திருக்கும் நேரத்தில் என்ஜினோடு சேர்ந்து உட்தண்டின் வேகம் தணியும். கீழ் கியருக்கு இறங்கும்போது அதே இடைவெளியில் ஆக்சிலேட்டரை ஒரு மிதி மிதித்து உட்தண்டின் வேகத்தை ஏற்ற வேண்டும். சரியான கணம் வந்ததா என்பதை என்ஜின் ஓசையைக் கேட்டுத்தான் அறிய வேண்டும். லீ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தை 1924-இலும், பின்னர் 1927 முதல் 1930 வரை தொடர்ந்து நான்கு முறையும் வென்ற பென்ட்லி கார்கள் இத்தகைய கியர்பாக்ஸ் கொண்டவை. இரவு பகலாக ஆயிரக்கணக்கான முறை இந்த மூன்று அசைவுகளையும் பிசகாமல் செய்தவர்களின் திறமையை இன்றைய ஓட்டுநர் கற்பனை செய்வதே கடினம்.

சிக்கலை வேறு பாதையில் தவிர்க்கவும் முயற்சிகள் நடந்தன. பிரிட்டனில் வில்சன் ப்ரீசெலக்டர் கியர்பாக்ஸில் பல்சக்கரங்கள் எப்போதும் கோத்தே இருக்கும். அவற்றைச் சுற்றியுள்ள பட்டைகளில் எது இறுகுகிறது என்பதைப் பொறுத்து கியர் அமையும். ஓட்டுநர் அடுத்த கியரை ஒரு சிறு லிவரில் முன்கூட்டியே தேர்ந்துவைத்து, வேண்டிய நேரத்தில் மிதியை மிதித்தால் போதும். எம்.ஜி. கே3 பந்தயக் காரில் இந்த முறை இருந்தது. தாசியோ நுவோலாரி 1933-இல் வட அயர்லாந்தின் ஆர்ட்ஸ் தடத்தில் டூரிஸ்ட் டிராஃபியை வென்றது அந்தக் காரில்தான். ஆனால் அது எடை மிகுந்த, விலை மிகுந்த அமைப்பு. பெருவாரியான கார்களுக்குப் பொருந்தும் விடை அமெரிக்காவில் ஏற்கெனவே பிறந்திருந்தது.

பொறியாளர் ஏர்ல் தாம்சன் வடிவமைத்த சின்க்ரோமெஷ் முறையை கேடிலாக் நிறுவனம் 1928-இல் அறிமுகப்படுத்தியது. இதில் பல்சக்கரங்கள் வழுக்கிச் சென்று மோதுவதில்லை. அவை எப்போதும் கோத்தபடியே தண்டின் மீது தளர்வாகச் சுற்றும். வேண்டிய சக்கரத்தைத் தண்டோடு பூட்டுவது ஒரு ஸ்லீவின் வேலை. பூட்டுவதற்கு முன் ஒரு சிறிய கூம்பு மற்றொரு கூம்பின் மீது உரசி இரண்டின் வேகத்தையும் சமப்படுத்தும். பின்னர் வந்த அமைப்புகளில் பித்தளைத் தடை வளையம் ஒன்று சேர்ந்தது. உரசல் நடக்கும் வரை அந்த வளையம் சற்றே திரும்பி நின்று ஸ்லீவை மறிக்கும். வேகம் சமமானதும் உரசல் விசை நீங்கி, வளையம் விலகி வழிவிடும். லிவரில் கைக்குத் தெரியும் எதிர்ப்பு, இந்த வளையம் தன் வேலையை முடிக்கும் வரை பிடித்துவைக்கும் பிடி. அதை அழுத்தித் தள்ளினால் உரசல் கூடி வேலை விரைவில் முடியும் என்பது ஓரளவுக்கு உண்மை. அளவு மீறினால் வளையம்தான் தேயும்.

பயணிகள் காருக்கு வந்த இந்த வசதி ஸ்போர்ட்ஸ் கார்களுக்கு முழுமையாக வந்து சேரப் பல ஆண்டுகள் ஆயின. முதல் கியருக்குச் சின்க்ரோமெஷ் தேவையில்லை, கார் நின்ற நிலையில்தானே அதைப் போடுகிறோம் என்பது பல தயாரிப்பாளர்களின் எண்ணம். எம்.ஜி.பி. 1962-இல் வெளிவந்தபோதும் முதல் கியருக்கு அது இல்லை, 1967-இல்தான் வந்தது. ஜாகுவாரின் நிலை இன்னும் வியப்பானது. 1948-இல் உலகின் வேகமான கார்களில் ஒன்றாக வந்த எக்ஸ்.கே. 120, மாஸ் நிறுவனத்தின் பழைய நான்கு வேக கியர்பாக்ஸைக் கொண்டிருந்தது. 1961-இல் ஜெனீவாவில் உலகையே திரும்பிப் பார்க்கவைத்த ஈ-டைப்பிலும் அதே வகை கியர்பாக்ஸ்தான். முதல் கியரில் சின்க்ரோமெஷ் கிடையாது. மற்ற கியர்களிலோ அது மெதுவாக வேலை செய்யும். அவசரப்பட்டால் அரைபடும் ஓசைதான் மிஞ்சும். 1964 அக்டோபரில் 4.2 லிட்டர் ஈ-டைப் வந்தபோதுதான் நான்கு கியர்களுக்கும் சின்க்ரோமெஷ் கொண்ட புதிய கியர்பாக்ஸ் கிடைத்தது. அவ்வளவு அழகான, அவ்வளவு வேகமான காருக்கு அத்தனை பழைய கியர்பாக்ஸைப் பொருத்தியது அந்நிறுவனத்தின் பெரிய குறை என்றே சொல்ல வேண்டும்.

ஜெர்மனியில் போர்ஷே நிறுவனம் தனக்கென ஒரு சின்க்ரோ முறையை உருவாக்கியது. கூம்புக்குப் பதிலாக ஓரிடத்தில் வெட்டுப்பட்ட எஃகு வளையம். ஸ்லீவ் அந்த வளையத்தின் மீது ஏறும்போது உரசல் தொடங்கும். வளையத்தின் முனை உள்ளே இருக்கும் ஒரு கட்டையில் முட்டி, உட்பட்டைகள் வளையத்தை இன்னும் விரிக்கும். வேக வேறுபாடு இருக்கும் வரை அந்த விரிவு தானாகவே கூடி ஸ்லீவைத் தடுக்கும். வேறுபாடு மறைந்ததும் வளையம் சுருங்கி ஸ்லீவ் கடந்துபோகும். ஃபோக்ஸ்வாகனின் சின்க்ரோ இல்லாத கியர்பாக்ஸோடு தொடங்கிய போர்ஷே 356 காருக்கு 1952-இல் இந்த முறை வந்தது. ஃபெராரி, ஆல்ஃபா ரோமியோ, பி.எம்.டபிள்யூ. போன்ற நிறுவனங்களும் அதை ஏற்றுக்கொண்டன. அக்காலத்தில் அது மிகச் சிறந்த சின்க்ரோ என்ற பெயர் பெற்றிருந்தது; அந்தப் பெயருக்கு அது தகுதியானதும்கூட.

ஆயினும் கடினமான கியருக்குப் பேர்போனதும் அதே முறையில் அமைந்த ஒரு கியர்பாக்ஸ்தான். போர்ஷே 911-க்கு 1972 மாடல் முதல் 1986 வரை பொருத்தப்பட்ட '915' அது. அதற்கு முந்தைய 901 ஐந்து வேக கியர்பாக்ஸில் முதல் கியர் இடப்பக்கம் தனியே கீழே இருந்தது. 915-இல் முதலும் இரண்டாவதும் ஒரே வரிசைக்கு வந்தன. 2.4 லிட்டர் என்ஜினுக்காக வந்த இந்த கியர்பாக்ஸ், பத்தாண்டுகளுக்கும் மேலாக வளர்ந்துகொண்டே போன என்ஜின் சக்தியைத் தாங்க வேண்டியிருந்தது. லிவரிலிருந்து கார் தரையின் நடுக் குழாய் வழியே ஒரு நீண்ட கம்பி பின்னால் உள்ள கியர்பாக்ஸுக்குப் போகிறது. அதன் இணைப்பிலுள்ள பிளாஸ்டிக் புஷ்கள் தேய்ந்தால் லிவர் எங்கே போகிறது என்றே கைக்குத் தெரியாது. கிளட்ச் கேபிள் சரியான அளவில் இல்லையென்றால், மிதித்த பிறகும் கிளட்ச் முழுதாக விடுபடாமல் உட்தண்டைச் சுழற்றிக்கொண்டே இருக்கும். அப்போது சின்க்ரோ வளையம் ஒரு தண்டை மட்டுமல்லாமல் முழு என்ஜினையும் எதிர்த்து நிற்க வேண்டும். கியர்பாக்ஸின் குற்றம் என்று பிரித்துப் போடப்பட்டவற்றில் கிளட்சின் குற்றமாக இருந்தவையும் உண்டு. இன்றும் அனுபவமுள்ள மெக்கானிக்குகள் முதலில் கிளட்சையும், அடுத்து இணைப்பையும், கடைசியில்தான் கியர்பாக்ஸின் உட்புறத்தையும் பார்ப்பார்கள்.

எல்லாம் சரியாக இருந்தாலும் இரண்டாம் கியர்தான் முதலில் முரண்டு பிடிக்கும். முதல் கியருக்கும் இரண்டாம் கியருக்கும் உள்ள வேக இடைவெளி மற்ற எந்த இரண்டு கியர்களுக்கும் இடையில் இருப்பதைவிடப் பெரிது. ஆகவே இரண்டாம் கியரின் வளையம் சமப்படுத்த வேண்டிய வேகமும் அதிகம். நகரத்திலும் மலைப்பாதையிலும் மாற்றி மாற்றிப் போடப்படுவதும் அதே கியர். இதோடு ஆயில் பிரச்சினை சேர்கிறது. பல்சக்கரங்களுக்கு வழுக்கும் ஆயில் வேண்டும். சின்க்ரோ வளையத்துக்கு உரசல் வேண்டும். ஒன்றுக்கொன்று எதிரான இந்த இரண்டு தேவைகளையும் ஒரே ஆயில் நிறைவேற்ற வேண்டியிருக்கிறது. குளிர்ந்த காலையில் ஆயில் கெட்டியாகி, உரசும் பரப்புகளுக்கு இடையிலிருந்து எளிதில் விலகாது. வளையம் பிடிக்க வழியில்லாமல் வழுக்கும், லிவர் முட்டி நிற்கும்.

இத்தாலியக் கார்களில் இது ஒரு வழக்கத்தையே உண்டாக்கியது. ஃபெராரியின் 308 தொடங்கி டெஸ்டரோசா வரையிலான கார்களில் லிவர், உலோகத் தகட்டில் வெட்டிய பள்ளங்களுக்குள் நகரும். கியர்பாக்ஸ் சூடேறும் வரை இரண்டாம் கியரைத் தொடாமல் முதல் கியரிலிருந்து நேராக மூன்றுக்குப் போவதே அக்கார்களின் உரிமையாளர்களிடையே எழுதாத விதியாக இருந்தது. சிலர் அதைக் காரின் குணமாக ஏற்றுக்கொண்டார்கள். உண்மையில் அது தேய்மானத்தைத் தவிர்க்கும் மிக அறிவார்ந்த பழக்கம். குளிர்ந்த வளையத்தை வலிந்து தள்ளி ஒருமுறை கெடுத்தால் கியர்பாக்ஸை இறக்கித்தான் சரிசெய்ய வேண்டும். ஃபெராரியே இதை உணர்ந்து, 1994-இல் வந்த எஃப்355 காரில் கியர்பாக்ஸ் ஆயிலை விரைவில் சூடேற்ற ஒரு வெப்பப் பரிமாற்றியைச் சேர்த்தது.

போர்ஷே 1987 மாடல் 911-இல் தன் சொந்தச் சின்க்ரோ முறையையே கைவிட்டது. கெட்ராக் நிறுவனம் தயாரித்த ஜி50 கியர்பாக்ஸ், போர்க்-வார்னர் வகைக் கூம்பு வளையங்களைக் கொண்டது. கேபிளுக்குப் பதில் ஹைட்ராலிக் கிளட்சும் அதனுடன் வந்தது. அந்த ஆண்டுக்குப் பின் வந்த 911-களில் கியர் மாற்றம் எளிதாகிவிட்டது என்பதில் ஓட்டியவர்களிடையே கருத்து வேறுபாடு குறைவு. உலகுக்குத் தான் கற்றுக்கொடுத்த முறையை விட்டுவிட்டுப் பொதுவான முறைக்குத் திரும்பியது எளிய முடிவாக இருந்திருக்காது.

பந்தயத் தடத்தில் லிவரே மறையத் தொடங்கியிருந்தது. ஜான் பர்னார்ட் வடிவமைத்த ஃபெராரி 640 காரில் ஸ்டீயரிங்கின் பின்னால் உள்ள துடுப்புகளால் கியர் மாற்றலாம். அதன் முதல் பந்தயமான 1989 பிரேசில் கிராண்ட் பிரீயையே நைஜல் மான்செல் அதில் வென்றார். 1997-இல் அந்த முறை எஃப்355 வழியாகச் சாலைக்கு வந்தது. போர்ஷே 2008-இல் இரண்டு கிளட்சுகள் கொண்ட தானியங்கி கியர்பாக்ஸை 911-க்குக் கொடுத்தது. ஃபெராரி சில ஆண்டுகளில் கையால் மாற்றும் கியரை முற்றிலும் நிறுத்திவிட்டது.

எஞ்சிய மேனுவல் கார்களில், நிசான் 370இசட் போன்றவை கீழ் கியருக்கு இறங்கும்போது ஆக்சிலேட்டரைத் தாமே ஏற்றி வேகத்தைச் சமப்படுத்தின. ஓட்டுநரின் பழைய 'டபுள் கிளட்ச்' உத்தியின் மிகக் கடினமான பாதி கணினியிடம் போயிற்று. ஒரு கூம்புக்குப் பதில் இரண்டு மூன்று கூம்புகள் கொண்ட சின்க்ரோக்கள் கைக்கு வேண்டிய விசையைப் பெரிதும் குறைத்தன. போர்ஷே, பந்தயத் தன்மை மிகுந்த ஜி.டி.3 காரில் சில காலம் நிறுத்திவைத்திருந்த மேனுவல் கியரை வாங்குவோரின் விருப்பத்துக்காக 2017-இல் மீண்டும் கொண்டுவந்தது. பழைய 915 கியர்பாக்ஸுக்கான சின்க்ரோ வளையங்கள் இன்றும் தயாரிக்கப்படுகின்றன. தேய்ந்த இரண்டாம் கியரோடு வரும் கார்களுக்கு அவற்றை மாற்றிப் பொருத்துவதையே தொழிலாகக் கொண்ட பட்டறைகள் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இயங்குகின்றன.