பாரிசு நகரத்துத் தோட்டக்காரரும் அவர் ஆக்கிய மண்ணும்

பிரான்சு தேசத்தின் வரலாற்றைப் பயில்வோர் பதினான்காம் லூயி மன்னனையும் அவன் எடுப்பித்த வேர்சாய் அரண்மனையையும் நன்கறிவர். அவ்வரண்மனையின் உணவறைக்குக் காயும் கனியும் அளித்த தோட்டத்தை அறிந்தோர் சிலரே. அத்தோட்டத்திற் கையாளப்பட்ட முறைகளைப் பெருக்கி, பத்தொன்பதாம் நூற்றாண்டிற் பாரிசு மாநகர்க்கே இளவேனிற் கறிவகைகளை ஊட்டிய எளிய தோட்டக்காரரை அறிந்தோர் அவரினும் சிலர். குதிரைச் சாணத்தையும் கண்ணாடியையும் தம் கைவன்மையையுமே முதலாகக் கொண்டு அவர்கள் நடத்திய பயிர்த்தொழில் எவ்வாறு எழுந்தது, எதனால் நிலைபெற்றது, எதனால் அழிந்தது என்பவற்றை இக்கட்டுரை ஆராயும்.

முதற்கண் அந்நாட்டின் பருவநிலையை உளங்கொள்ளல் வேண்டும். ஆண்டு முழுவதும் ஞாயிற்றின் வெம்மை குன்றாத நம் நாட்டிற் பயிருக்கு வேண்டுவது நீரே. பாரிசுப் பகுதியிலோ பயிருக்கு முதற்பகை குளிர். நவம்பர் தொடக்கம் மார்ச்சு வரையும் நிலம் உறைபனியாற் பீடிக்கப்படும். மாரியிற் சேமித்து வைத்த கிழங்குகளும் கோவாவும் தீர்ந்து, புதுக்கறிகள் முளைக்கும் முன்னுள்ள இளவேனிற் றொடக்கமே உணவுக்கு மிகவும் வறிய காலமாகும். ஆதலின் இயற்கைக்கு ஒரு திங்கள் முந்திச் சலாதுக் கீரையோ பச்சைப் பட்டாணியோ சந்தைக்குக் கொணர்பவன் எவனோ அவனே பெரும்பொருள் ஈட்டுவான். முற்பருவப் பயிர்ச்செய்கை என்னும் கலை இத்தேவையினின்றே பிறந்தது.

இக்கலையை முறைப்படுத்தியோருள் தலையாயவர் ழான் பப்திஸ்து லா கன்ரினி என்பவர். 1626ஆம் ஆண்டிற் பிறந்த இவர் சட்டம் பயின்று வழக்கறிஞரானவர். செல்வரொருவரின் மைந்தனுக்கு ஆசிரியராய் இத்தாலி நாடு சென்றபோது அங்குள்ள தோட்டங்களாற் கவரப்பட்டு, வழக்கறிஞர் தொழிலைத் துறந்து தோட்டக் கலையை மேற்கொண்டார். பெயர்த்து நடப்பட்ட மரம் தன் பழைய வேர்களால் அன்றிப் புதிதாய் விடும் வேர்களாலேயே உணவு கொள்கின்றது என்பதைச் சோதித்துக் காட்டியவர் இவர். 1670இல் மன்னனின் கனித் தோட்டங்களுக்கும் கறித் தோட்டங்களுக்கும் தலைவராக நியமனம் பெற்றார்.

வேர்சாயில் அவருக்குக் கொடுக்கப்பட்ட நிலம் நாற்றம் வீசும் ஒரு சதுப்பு. 1678 முதல் 1683 வரை அச்சதுப்பு வடிக்கப்பட்டு, வேற்றிடத்து மண் கொணர்ந்து நிரப்பப்பட்டு, ஏறத்தாழ 9 எக்டேயர் பரப்பில் மதில் சூழ்ந்த தோட்டம் ஒன்று உருவாயிற்று. நடுவே பதினாறு சதுரங்கள் கொண்ட பெருந்தோட்டமும், அதனைச் சுற்றி உயர்ந்த சுவர்களாற் பிரிக்கப்பட்ட சிறு தோட்டங்களும் அமைந்தன. சுவர்கள் வாடைக் காற்றைத் தடுத்தன. பகலில் வாங்கிய வெயிலை இரவிற் செடிகளுக்கு வழங்கின. குதிரை இலாயத்துப் புத்தெருவின் சூடு வேர்களைக் காத்தது; கண்ணாடி மூடிகள் இலைகளைக் காத்தன. இவ்வாறு திசம்பரில் அஸ்பரகஸ் என்னும் தண்ணீர்விட்டான் இனத்துத் தளிரும், சனவரியிற் சலாதும், மார்ச்சு இறுதியில் ஸ்ரோபெரிப் பழமும், ஏப்பிரிலிற் பட்டாணியும், யூன் மாதத்தில் அத்திப்பழமும் மன்னனின் மேசையை அடைந்தன. லா கன்ரினி 1688இல் மறைந்தார். அவருடைய நூல் 1690இல் வெளிவந்தது. மூன்றாண்டுகளில் ஜோன் ஈவ்லின் பெயரால் ஆங்கில மொழிபெயர்ப்பும் தோன்றிற்று.

ஆயின் மன்னனின் தோட்டம் செலவை நோக்காத தோட்டம். ஒரு கூடை பட்டாணிக்கு எத்துணைப் பொருள் செலவாயிற்று என்று கேட்பார் அங்கு எவருமிலர். அதே கலையைக் கொண்டு ஒரு குடும்பம் பிழைக்க முடியுமா என்னும் வினாவிற்கு விடை கண்டோர் பாரிசு நகரத்துத் தோட்டக்காரரே. அந்நகரின் பழைய சதுப்பு நிலங்களிற் கறிவகைகள் பயிரிட்டமையால், சதுப்பைக் குறிக்கும் சொல்லினின்று மறேஷே என்னும் பெயர் இவர்க்கு ஏற்பட்டது. நகரம் விரிய விரிய இவர்களின் நிலங்களில் வீடுகள் எழுந்தன. இவர்கள் மேன்மேலும் புறத்தே பெயர்ந்தனர். தந்தையின் கையைப் பார்த்து மகன் கற்றுவந்த இத்தொழிலின் நுட்பங்களை, 1845இல் மொறோ, தவேர்ண் என்னும் இரு தோட்டக்காரர் நூலாக எழுதி வெளியிட்டனர். ஏட்டறிவினர் எழுதாது தொழிலாளரே எழுதியமையால் அந்நூல் வரலாற்றாசிரியர்க்கு அரிய சான்றாக விளங்குகின்றது.

அவர்களின் முறை பின்வருமாறு: இலாயத்தினின்று வந்த வைக்கோல் கலந்த புத்தெருவைப் பழைய எருவுடன் கலந்து, பாத்தியாகப் பரப்பி, காலால் மிதித்து இறுக்குவர். நுண்ணுயிர்களின் செயலால் எரு உள்ளே புழுங்கிச் சூடேறும். முதற்சில நாட்களில் எழும் சூடு வேரைக் கருக்கவல்லது. அது தணிந்த பின்னரே, நன்கு மக்கிய கரிய மண்ணை மேலே பரப்பி விதையிடுவர். பாத்தியின் மேற் கண்ணாடிச் சட்டங்களோ, மணி வடிவான கண்ணாடி மூடிகளோ வைக்கப்படும். நண்பகலில் வெப்பம் மிகுந்தால் மூடியின் ஓர் ஓரத்தைச் சிறு கட்டையால் உயர்த்திக் காற்று விடுவர். இரவில் வைக்கோற் பாய்களாற் போர்த்துவர். சூடு குன்றியவிடத்துப் பாத்திகளின் இடைவழிகளிற் புத்தெருவை நிரப்பி மீண்டும் சூடேற்றுவர். பருவம் முடிந்ததும் அவ்வெரு முற்றும் மக்கி, அடுத்த ஆண்டின் விதைமண்ணாக மாறும். முதல் ஆண்டில் வெப்பமும் அடுத்த ஆண்டில் வளமும் தருவதாய் ஒரே பொருள் இருமுறை பயன்பட்டமையே இம்முறையின் உயிர்நிலை எனலாம்.

ஒரே பாத்தியிற் பல பயிர் வளர்த்தலில் இவர்கள் பெருந்திறன் காட்டினர். முள்ளங்கியும் கரட்டும் ஒருங்கே விதைக்கப்படும். அவற்றினிடையே சலாது நாற்றுகள் நடப்படும். விரைந்து வளரும் முள்ளங்கி முதலிற் பிடுங்கப்படும். அடுத்துச் சலாது வெட்டப்படும். அவை விட்ட இடத்திற் கரட் பருக்கும். பின்னர் பூக்கோவாவோ மெலன் பழமோ அவ்விடத்தைப் பெறும். இவ்வாறு ஓராண்டில் மூன்று முதல் ஆறு விளைவுகள் வரை ஒரே நிலத்திற் பெறப்பட்டன.

இதன் பயனை அறியப் பொன்சு என்னும் தோட்டக்காரரின் கணக்கு உதவும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின்னர், ஏறத்தாழ 1.1 எக்டேயர் நிலத்தில் அவர் ஆண்டுதோறும் 20,000 இறாத்தலுக்கு மேற்பட்ட கரட்டும், 6,000 கோவாவும், 3,000 பூக்கோவாவும், 1,54,000 சலாதும் பிறவும் விளைவித்தார் எனக் குரோப்பொற்கின் என்னும் உருசிய அறிஞர் எடுத்துரைக்கின்றார். எங்கேனும் இடம்பெயர நேரின், தாம் ஆக்கிய மேல்மண்ணைத் தம்முடன் எடுத்துச்செல்லும் உரிமையையும் இத்தோட்டக்காரர் குத்தகை உடன்படிக்கையிற் சேர்த்துக்கொண்டனர் என்று அவர் கூறுவது கருதத்தக்கது. நிலம் உடையவனுடையது, மண்ணோ உழைத்தவனுடையது என்பது அவர்களின் கொள்கை.

பாரிசின் கிழக்கே மொந்திரேய் என்னும் ஊரிற் கனிச்செய்கையும் இவ்வாறே வளர்ந்தது. பீச்சு மரங்களைச் சாந்து பூசிய சுவர்களின்மேல் விசிறி போலப் படரவிட்டு, கிளைகளைத் துணித்துண்டுகளாற் சுவரோடு பிணைத்தனர். அச்சுவர்களின் மொத்த நீளம் உச்ச காலத்தில் ஏறத்தாழ 600 கிலோமீற்றர் எனக் கணக்கிடப்பட்டுள்ளது. தெற்கே மட்டும் பழுக்கவல்ல கனி, சுவர் காத்த வெம்மையால் வடக்கிலும் பழுத்தது.

இனி, இத்துணை விளைவுக்கும் மூலம் யாது எனக் காண்போம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிற் பாரிசின் பரப்பில் ஏறத்தாழ ஆறிலொரு பங்கு, அஃதாவது ஏறக்குறைய 1,400 எக்டேயர், இவ்வகைத் தோட்டமாய் இருந்தது எனவும், ஆண்டில் 1,00,000 தொன் விளைவு கிடைத்தது எனவும், அதற்கு இடப்பட்ட இலாய எரு ஏறத்தாழ பத்து இலட்சம் தொன் எனவும் 1977இல் வெளிவந்த ஆய்வொன்று காட்டுகின்றது. எக்டேயர் ஒன்றுக்கு ஏறத்தாழ 700 தொன்! வண்டியும் பேருந்தும் இழுத்த பல்லாயிரம் குதிரைகளே இவ்வெருவை அளித்தன. இரவிற் கறிகளைச் சந்தைக்கு ஏற்றிச் சென்ற வண்டி, விடியலில் எருவை ஏற்றித் திரும்பிற்று. நகரின் கழிவு நகரின் உணவாயிற்று.

எனினும் இதனை அளவிறந்து புகழ்தலும் வரலாற்று நெறியன்று. அக்குதிரைகள் தின்ற ஓற்சும் புல்லும் நாட்டுப்புற வயல்களில் விளைந்தவை. ஆதலின் தோட்டத்தின் வளம் தானே தோன்றிய வளமன்று. பிறர் வயலினின்று நகருக்குப் பெயர்ந்த வளமே. உழைப்போ மிகக் கொடிது. கோடையில் நாளொன்றுக்கு 18 முதல் 20 மணி நேரமும், மாரியில் 14 முதல் 16 மணி நேரமும் தோட்டக்காரர் உழைத்தனர் என்று மொறோவும் தவேர்ணும் எழுதியுள்ளனர். விளைந்த முற்பருவக் கறிகளும் பெரிதும் செல்வரின் மேசைக்கே சென்றன. ஏழையின் அப்பத்துக்குரிய கோதுமை அங்கு விளையவில்லை.

இம்முறையின் வீழ்ச்சிக்குக் காரணம் அதன் குறையன்று. அது சார்ந்திருந்த உலகின் மாற்றமே. இருப்புப் பாதை வெம்மையான தென்பகுதியினின்று முற்பருவக் காய்கனிகளைக் குறைந்த செலவிற் கொணர்ந்தது. நிலத்தின் விலை உயர்ந்தது. மோட்டார் வண்டி குதிரையை வீதியினின்று அகற்றிற்று; பாரிசின் இறுதிக் குதிரைப் பேருந்து 1913 சனவரியில் ஓடி ஓய்ந்தது. குதிரை போயிற்று, எருவும் போயிற்று, அடுத்த ஆண்டில் மூண்ட பெரும்போர் உழைக்கும் இளைஞரைக் கொண்டுசென்றது. இருநூறு ஆண்டுகளில் வளர்ந்த கலை ஒரு தலைமுறைக்குள் ஒடுங்கிற்று.

அக்கலையின் உட்பொருள் மட்டும் அழியவில்லை. கழிவை மக்கவைத்து மண்ணுக்குத் திருப்பும் முறையை அல்பேட் ஹவாட் என்பார் 1924 முதல் 1931 வரை இந்தியாவின் இந்தூரில் ஆராய்ந்து, 1940இல் வெளியிட்ட நூலால் உலகறியச் செய்தார். ஆட்டுப்பட்டி அடைத்தும், பூவரசங் குழை தாழ்த்தும் செம்மண் தறையை வளம்படுத்திய யாழ்ப்பாணத்துக் கமக்காரர்க்கு அவ்வுண்மை புதிதன்று.

ஆயினும் இவ்வரலாறு புகட்டும் பாடம் ஒன்றுண்டு. இலங்கையில் 2021ஆம் ஆண்டில் இரசாயனப் பசளை இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டது. நெல், தேயிலை விளைவுகள் பெரிதும் வீழ்ச்சியுற்றன. அவ்வாண்டு நவம்பரில் தடை கைவிடப்பட்டது. பாரிசுத் தோட்டக்காரரின் கணக்கைக் கற்றோர்க்கு இம்முடிவு வியப்பன்று. ஆணையினால் ஒரு பொருளை நிறுத்தலாம். ஆணையினால் எருவை உண்டாக்கல் இயலாது. எருவுக்குக் கால்நடை வேண்டும். கால்நடைக்குத் தீவனம் வேண்டும். எருவை மண்ணாக்கக் காலமும், காலமறிந்து உழைக்கும் கைகளும், அவ்வுழைப்புக்கு ஈடான விலையும் வேண்டும். இவை யாவும் ஒருங்கு கூடியபோது பாரிசிற் சதுப்பும் பொன் விளைத்தது. அவற்றுள் ஒன்று நீங்கிய அன்றே ஏனையவும் பயனிழந்தன. மண்ணைக் காக்க விரும்புவோர் முதலிற் காக்க வேண்டியது அதனை ஆக்குவோரையே என்பது இதனாற் பெறப்படும்.